இல்பொருள் அணி

அணியைக் கையாளக் கற்கத் தொடங்கிய மாணவர், பந்தியில் அறுபது இலைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, விருந்து இனிதே நிறைவுற்றது என்று கைகழுவப் போகும் இயல்பினர். பொறியியல் கல்லூரியின் ஜாவா ஆய்வகத்தில் இவரைத் தேட வேண்டியதில்லை; 'ஸ்டூடன்ட்[] எஸ் = நியூ ஸ்டூடன்ட்[60];' என்னும் ஒற்றை வரியை எழுதி முடித்து, நாற்காலியில் சாய்ந்து, அறுபது மாணவர்களைப் பெற்றெடுத்த களைப்போடு விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டிருப்பவர் இவரே.

ஒரே வகையைச் சேர்ந்தவற்றை ஒரு பெயரின்கீழ், 0 முதல் எண்ணிட்ட அறைகளில் வைத்துக்கொள்ளும் அமைப்பு அணி எனப்படும். பெயர், பதிவெண், மதிப்பெண் முதலிய விவரங்களையும் அவற்றைக் கையாளும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டிய வார்ப்பு கிளாஸ். பாடநூல் தமிழில் அது இனக்குழு. அந்த வார்ப்பிலிருந்து உண்டாக்கப்படும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட், அதாவது பொருள். மேற்கண்ட வரி உண்டாக்குவதோ அறுபது அறைகளை மட்டுமே. ஒவ்வோர் அறையும் ஒரு பொருள் இருக்குமிடத்தைக் குறித்துவைப்பதற்கான இடமே தவிரப் பொருள் அன்று. எதுவும் குறிக்கப்படாத வரையில் அங்கே இருப்பது 'நல்' என்னும் வெறுமை. உலகில் இல்லாத ஒன்றை உவமையாகக் காட்டுவதை இல்பொருள் உவமையணி என்று தமிழ் இலக்கணம் வகுத்திருக்கிறது. இல்லாத அறுபது பேரை இருப்பவராகக் கொண்டு மேற்செல்லும் இந்த அணியை இல்பொருள் அணி என்று வழங்கினால் இலக்கண ஆசிரியர்களும் மறுக்கமாட்டார்கள்.

அடுத்த வரியில் முதல் அறையிலுள்ள மாணவருக்கு அருண் என்று பெயர் சூட்டப்படுகிறது. பிறக்காத பிள்ளைக்கு நடக்கும் இந்தப் பெயர்சூட்டு விழாவை ஜாவா பொறுப்பதில்லை; நிரலை அங்கேயே நிறுத்தி, 'நல்பாயின்டர்எக்செப்ஷன்' என்று திரையில் சிவப்பாக எழுதிவிடுகிறது. தமிழ்க் காதுக்கு அதன் முதற்சொல் ஏதோ நல்லதைச் சொல்வதாகத் தோன்றினாலும், வெறும் இலையில் கைவைத்துச் சோற்றைப் பிசைய முயன்றதற்கான கண்டனமே அது.

இதன்பின் நடப்பதே இவ்வகையினரின் தனிச்சிறப்பு. இவர் உலகில் உள்ள அனைத்தையும் ஐயுறுவார். அந்த முதல் வரியை மட்டும் ஐயுறமாட்டார். அரைப்புள்ளி விடுபட்டதா என்று பார்ப்பார். கிளாஸின் பெயரை மாற்றிப் பார்ப்பார். மென்பொருளை மூடித் திறப்பார். கணினியையே அணைத்துப் போடுவார். "சிஸ்டம்ல ஏதோ பிரச்சினை சார்" என்று முறையிட்டு அடுத்த மேசைக்குக் குடிபெயர்வார். அங்கும் அதே சிவப்பு தோன்றவே, இடம் போதவில்லை போலும் என்று முடிவுகட்டி, 60ஐ 100 ஆக்குவார். அதுவும் பலிக்காதபோது 1000 ஆக்குவார். அறுபது இலையில் சோறில்லை என்று கண்டவர் ஆயிரம் இலை போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பான இந்தச் செயலில் வெளிப்படும் நம்பிக்கையை வேறெந்தத் துறையிலும் காண்பது அரிது.

பக்கத்து மேசை நண்பர் இரக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொருளைத் தனித்தனியே உண்டாக்க வேண்டும் என்று சொன்னபின், இவர் மடக்கு, அதாவது குறித்த செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் லூப் ஒன்றை எழுதுகிறார். ஆனால் சிக்கனம் கருதி, மடக்குக்கு வெளியே ஒரே ஒரு மாணவரை உண்டாக்கி, அவருடைய இருப்பிடத்தையே அறுபது அறைகளிலும் குறித்துவிடுகிறார். விளைவாக, ஒவ்வொரு முறை பெயர் சூட்டும்போதும் அந்த ஒருவரே பெயர் மாற, முடிவில் வகுப்பிலுள்ள அறுபது பேரும் யுவராஜ் ஆகிவிடுகின்றனர். அறுபது யுவராஜும் ஒரே மதிப்பெண் பெற்றிருப்பதைக் கண்டு, வருகைப்பதிவேட்டில் கடைசியாக உள்ள அந்த மாணவர்மீது இவர் பார்க்கும் பார்வை நியாயமானதன்று.

கடைசி அறையின் எண் 59 என்பதை மறந்து 60ஐத் தட்டுவதும், அணியை அப்படியே அச்சிடச் சொல்லி, வந்த புரியாத எழுத்துக்கோவையைக் கண்டு வைரஸ் என்று அஞ்சுவதும் சிறு குறும்புகள்; விட்டுவிடலாம்.

விட முடியாதது ஒன்று உண்டு. பிழை எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நேர்ந்தது என்பதை ஜாவா ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்டுகிறது. 2020க்குப் பின் வந்த பதிப்புகளோ எது வெறுமையாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. இத்தனையையும் படிக்காமல், திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம்பிடித்து, வரி எண் இருக்கும் பகுதி மட்டும் சரியாக வெட்டுப்பட, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், ரன் ஆகலை" என்று மட்டும் எழுதுவது அறியாமை அன்று; அது அடுத்தவர் தூக்கத்தின்மேல் செலுத்தும் அலட்சியம். ஐந்து நொடியில் படிக்கக்கூடிய ஒரு வரியைப் படிக்காதவருக்கு ஐம்பது நிமிட விளக்கம் எதற்கும் உதவாது.

ஆயினும் பிழை முழுவதும் இவருடையது என்று தீர்ப்பளிப்பதும் முறையாகாது. முதல் வாரத்தில் இவருக்குக் கற்பிக்கப்பட்டது முழுஎண் அணி. அதில் அறுபது அறை கேட்டால் அறுபதிலும் ஜாவாவே 0 என்னும் மதிப்பை இட்டுவைக்கும். இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைக்கப்படுவதுபோல. அந்த உப்பைத் தொட்டு நாவில் வைத்துப் பழகியவர், எல்லா இலையிலும் ஏதேனும் இருக்கும் என்று நம்பியது இயல்பே. மேலும், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் பயிலும் சி++ மொழியில் இத்தகைய அணியை அறிவித்தால், அறுபது பொருள்களும் உண்மையிலேயே உண்டாகிவிடும். அங்கே இவருடைய நம்பிக்கை சரி. வெறுமைக் குறிப்பை 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோர், 2009இல் அதைத் தமது நூறு கோடி டாலர் பிழை என்று வருணித்தார். அந்தத் தொகையில் தம் பங்கைத் தவணை தவறாமல் கட்டிவரும் ஏழைக் கடனாளி என்றே நம் மாணவரைக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவர் மடியில் இருக்கும் ரெக்கார்டு நோட்டைக் கவனிக்க வேண்டும். அதில் இந்தப் பயிற்சிக்கான பக்கத்தின் அடியில், நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்னும் முடிவுரை, நிரல் ஒருமுறைகூட ஓடாத நிலையில், முந்தின இரவே அழகிய கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் இடப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் கையொப்பமும் விழுந்திருக்கிறது. அறிவித்தாலே உண்டாகிவிடும் என்னும் பாடத்தை இவர் ஜாவாவிடம் கற்கவில்லை.