திடலோரப் பயிற்றுநர்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை, ஒரு காலத்தில் ரயிலை விட்டிறங்கிய பயணிகள் தீவுக்குப் படகேறிய ஊர். அங்கே காற்பந்தோடு உறவுடைய மனிதர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: ஆடுபவர், பார்ப்பவர், ஆடுபவர் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று பார்ப்பவருக்கு விளக்குபவர். முதல் இரு வகையினர் எல்லா நாடுகளிலும் உண்டு என்பதால் அவர்களை விட்டுவிடலாம். மூன்றாமவரே ஆராயத் தக்கவர். எந்தச் சங்கமும் அவரை நியமிக்கவில்லை, யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை, அதனாலேயே அவரைப் பதவியிலிருந்து நீக்கவும் யாராலும் முடிவதில்லை. மாநில அணிக்குப் பிரேசிலிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் பயிற்றுநர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, வேலியோரத்தில் நிற்கும் இந்தத் திடலோரப் பயிற்றுநர் மட்டும் பல்லாண்டுகளாக ஒரே பொறுப்பில் நீடிக்கிறார்.

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பிறைத் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராகவோ, ஓய்வுக்கு நாள் எண்ணுபவராகவோ இருப்பார். கப்சாய் என்று மலேசியர் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளில், முன்கூடையில் குடையும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு, மாநில அணியின் நீலமும் மஞ்சளுமான பழைய சட்டையில் வந்து இறங்குவார். வாங்கிய ஆண்டில் அந்தச் சட்டை அவருக்கு அளவாகத்தான் இருந்தது. இவ்வகையினர் அனைவருமே இளமையில் இடது விங்கில் ஆடியவர்கள் என்பதும், அனைவருக்குமே மாநிலத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் வலது முழங்கால் போய்விட்டது என்பதும் ஆய்வாளரைத் திகைக்க வைக்கும் ஒற்றுமைகளாகும். காலில் மோதிய எதிரணித் தடுப்பாட்டக்காரரின் ஊர், அவருடைய உயரம், அன்று பெய்த மழையின் அளவு ஆகியவை சொல்லும்தோறும் மாறிக்கொண்டே போகும். "அன்னிக்கு மட்டும் முட்டி போகலன்னா" என்ற தொடக்கம் மட்டும் மாறுவதில்லை.

இந்த வகை மனிதர் பிறையில் பெருகியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. வட்டாரத்துத் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே ஒரு திடல் இருப்பது வழக்கம். மாலையில் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போய் வந்த கால்கள் அங்கே வெறுங்காலாகவே பந்தை உதைத்தன. தோட்டங்கள் போய்த் தொழிற்சாலைகளும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளும் வந்தபோது, ஆட்டக்காரர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், திடல் மட்டும் குடிபெயரவில்லை. இன்று பந்தை உதைக்க விரும்பும் பையன் மணிக்கணக்கில் வாடகை கட்டி, வலைக்கூண்டுக்குள் ஐவர் ஆட்டம் ஆட வேண்டியிருக்கிறது. ஆட இடமில்லாதவர் பேச இடம் தேடுவார். பேச்சுக்கு வாடகை கிடையாது.

மாநில அணி தீவிலுள்ள நகர அரங்கில் ஆடும் நாள்களில் இவர் பினாங்குப் பாலத்தைக் கடந்து போகிறார். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் டோல் கட்டணம் தீவுக்குப் போகும் திசையில் மட்டும்தான் வாங்கப்படுகிறது. திரும்பி வரும்போது கிடையாது. போக்குவரத்துப் பொறியாளர்கள் இதற்கு வேறு காரணம் சொல்லக்கூடும் என்றாலும், தோற்றுத் திரும்புகிறவனிடம் காசு கேட்பது பாவம் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது என்பது இவருடைய துணிபு. 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் போகும்போதும் கட்டணம் இல்லை என்று ஆனதை, அணியின் அண்மைக்கால ஆட்டத்தைப் பார்த்து அரசு அளித்த நிவாரணம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அரங்கில் அவர் எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்புறமே அமர்வார், அதாவது அமர்வதற்கென்று கட்டப்பட்ட இடத்தில் நிற்பார். முதல் பத்து நிமிடம் அறிவுரை: "விங்கில விடுடா, விங்கில விடு!" அடுத்த அரை மணி நேரம் எச்சரிக்கை: "கீப்பர் தூங்குறான், எழுப்புங்கடா!" அதற்குப் பின் நடுவருக்குத் தண்டனை: "ரெப்ரி காயு!" மரக்கட்டை நடுவர் என்ற பொருளில் நாடு முழுவதும் எல்லா இனத்தாரும் ஒருமித்து வழங்கும் வசவு இது, தேசிய ஒற்றுமைக்கு வகுக்கப்பட்ட திட்டங்கள் பலவும் சாதிக்காததை இந்த இரண்டு சொற்கள் சாதித்திருக்கின்றன.

அவருடைய வரலாற்றறிவு ஆழமானது, ஆனால் 1974இல் நின்றுவிடுவது. 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் 1921இல் அளித்த கோப்பையிலிருந்து தோன்றி, பின்னர் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய போட்டியை பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றது. கடைசி முறை இறுதியாட்டத்தில் பேராக்கை இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்தியது. அந்த ஆண்டு நம் பயிற்றுநருக்கு நான்கு வயதுதான் இருந்திருக்கும். ஆயினும் எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், பக்கத்தில் யார் கச்சான் தின்றார் என்பது வரை அவர் சொல்வார். 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் கிடைத்த லீக் பட்டங்களை நினைவுபடுத்தினால், அவை நல்ல வெற்றிகள்தாம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வார். கண்ணால் கண்டவற்றின் மீது அவருக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை.

அதற்கு ஒரே விதிவிலக்கு 2016 பிப்ரவரி 16. அன்று நகர அரங்கில் பகாங் அணிக்கு எதிராகப் பினாங்கு ஆட்டக்காரர் முகமட் ஃபைஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதுபோலப் போய், நடுவழியில் மனம் மாறி மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. ஆண்டின் மிக அழகிய கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஷ்காஷ் விருது அதற்குக் கிடைத்தது. ஆசியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2017 ஜனவரியில் சூரிக் மேடையில் ஃபைஸ் தம் உரையைக் கைப்பேசியில் தேடித் தடவிக்கொண்டிருந்த காட்சியை உலகம் புன்னகையோடு பார்த்தபோது, பிறையில் இவர் மட்டும், "பேப்பர்ல எழுதிட்டுப் போயிருக்கணும்" என்று பயிற்சிக் குறிப்பு வழங்கினார். அதே 2017இல் பினாங்கு அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. உலகின் மிகச் சிறந்த கோலை அடித்த அணி அடுத்த பருவத்திலேயே கடைசி இடத்துக்குப் போவது பிறர்க்கு முரணாகத் தோன்றலாம். இவர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

இவ்வகையின் மூத்த கிளையினர் சிலர் பட்டர்வர்த் விமானத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலிய விமானப் படை நடத்திய அந்தத் தளம் 1970இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகும் 1988 வரை ஆஸ்திரேலியப் போர் விமானங்கள் அங்கே இருந்தன. அந்த வீரர்கள் தங்கள் நாட்டுக் காற்பந்தையும் உடன் கொண்டுவந்தார்கள். 1859இல் மெல்பர்னில் விதி எழுதப்பட்ட அந்த ஆட்டம் நீள்வட்டத் திடலில் ஆடப்படுவது, பந்தும் நீள்வட்டமே. அணிக்குப் பதினெட்டுப் பேர். பந்தை உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தித் தோழருக்குத் தரலாம். திடலின் ஒவ்வொரு முனையிலும் குறுக்குச் சட்டமில்லாத நான்கு கம்பங்கள் நிற்கும். உதைத்த பந்து நடுவிரு கம்பங்களுக்கிடையே போனால் ஆறு புள்ளி. ஆப்சைட் என்ற விதியே கிடையாது. ஆப்சைட் இல்லாத ஆட்டத்தில் எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல், நம் மூத்தவர் தம் வாழ்நாளில் வாய் திறக்காமல் பார்த்த ஒரே ஆட்டம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு விதி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது: நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே குறி தவறிப் போகும் பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. இந்த விதி மட்டும் மலேசிய லீக்கில் இருந்திருந்தால் பினாங்கு ஆண்டுதோறும் பட்டம் வென்றிருக்கும் என்பது அவருடைய கணக்கு. அதில் பிழை காண்பது கடினம்.

அந்த ஆட்டத்தை உயிராகக் கொண்ட வெப்பமண்டல மக்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பிறையைப் போலவே புழுக்கமும் பருவமழையும் கொண்ட டிவி தீவுகளில், 1941இல் ஜான் பை என்ற மறைப்பணியாளர் இதை அறிமுகப்படுத்தினார். மூவாயிரம் பேர்கூட இல்லாத அந்தப் பழங்குடித் தீவுகளிலிருந்து ரியோலி குடும்பம் போன்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக்கின் 1982 இறுதியாட்டத்தில் மொரிஸ் ரியோலி, தம் அணி தோற்றபோதும், சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தைப் பெற்றார். மார்ச் மாதம் தீவு லீக்கின் இறுதியாட்டம் நடக்கும்போது விமானத்திலும் படகிலும் வெளியூர்க் கூட்டம் வந்து குவிகிறது. மக்கள்தொகையில் இத்தனை பெரும் பங்கினர் ஆடுகிற இடத்தில், வேலியோரத்தில் நின்று வழிகாட்டுவதற்கு ஆள் மிஞ்சுவது அரிது. நம் பயிற்றுநரிடம் இதைச் சொன்னால் அந்தத் தீவினருக்காகப் பெரிதும் இரக்கப்படுவார். "அப்ப யாரு அவனுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது?"

சனி, ஞாயிறு இரவுகளில் அவருடைய அலுவலகம் மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும், விடிய விடியத் திறந்திருக்கும் உணவுக்கடைக்கு மாறுகிறது. பெரிய திரையில் இங்கிலாந்து லீக் ஓடும். ஒரே ஒரு தே தாரிக் தேநீரை ஆற அமரக் குடித்து மூன்று ஆட்டங்களைக் கடத்துவது அவருடைய தனித்திறன். அங்கே 'நம்ம டீம்' என்றால் லிவர்பூல், அல்லது எதிர்மேசைக்காரருக்கு மான்செஸ்டர் யுனைடெட். கடலுக்கு அப்பாலுள்ள இந்தப் பக்தியை எள்ளி நகைப்பது எளிது. ஆனால் லிவர்பூல் தோற்ற மறுநாள் வேலைக்குப் போகும் இதே மனிதர், பினாங்கு தோற்ற மறுநாள் மருத்துவ விடுப்பு எடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசிய நாடுகளின் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, ஒரு மலேசிய இந்தியர் நாட்டின் பயிற்றுநராக நின்று சாதித்ததில் பிறையே பூரித்தது. இவர் மட்டும், அதே வியூகத்தைத் தாம் தாமான் எழுவர் போட்டியில் முன்பே பயன்படுத்தியதாகச் சொல்லிக்கொண்டார். அந்த எழுவர் போட்டிக்குப் பந்து வாங்கியவர் இவர்தான். ஐஸ் பெட்டியைக் கப்சாயில் கட்டிக்கொண்டு வந்தவரும், விழுந்த பையனின் காலுக்குத் தைலம் தடவியவரும், தடவும்போதே அவன் ஏன் விழுந்தான் என்று விளக்கியவரும் இவரே. பினாங்கு அணி 2020இல் மீண்டும் மேல் லீக்குக்கு ஏறியது. 2021இல் அங்கே மூன்றாம் இடம் பிடித்ததற்கு உரிய பெருமையை அப்போதைய செக் நாட்டுப் பயிற்றுநருக்குத் தருவதுதான் முறை. அணி கீழே கிடந்த ஆண்டுகளில் அரங்குக்கு வந்துகொண்டிருந்தவர் இவர் என்பதையும் அதோடு சேர்த்து எழுதிவைக்கலாம்.

பத்து காவானில் செம்பனைக் காட்டுக்கு நடுவே 2000ஆம் ஆண்டு எழுந்த மாநில அரங்கிலோ, தீவின் நகர அரங்கிலோ இவருக்குப் பக்கத்து இருக்கை வாய்க்கும் வாசகர், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்கலாம். முழங்காலை மட்டும் விசாரிக்க வேண்டாம்; ஆட்டம் தொண்ணூறு நிமிடம்தான்.