இருபத்தேழு பல் அண்ணாச்சி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அண்ணாச்சி பார்ப்பார். பார்த்துவிட்டு, "கடைவாயில தேய்மானம் தெரியுதே, வயசைக் குறைச்சுச் சொல்லுதீங்களோ?" என்றும் கேட்பார். சங்கரன்கோவிலில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. நூல் கடை, தறி செட், பூக் கமிஷன் என்று தொழில் எதுவாகவும் இருக்கலாம். காதில் செருகிய பென்சிலும் கையில் போன வருஷத்து டைரியும் கட்டாயம். ஏன் போன வருஷத்து டைரி? "கிழமைதான தப்பு, தாள் தப்பா?"

எனக்கு வாய்த்த அண்ணாச்சிக்கு விசைத்தறி. பாவில் ஓர் இழை அறுந்தால் அடுத்த தெருவில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வாய்க்குள் கேட்ட சத்தத்தை மட்டும் ஆறு மாதம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சம்பவம் நடந்தது போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்து விரதம் விட்ட ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் மட்டன் பிரியாணிக்கு வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வருவார்கள். உள்ளூர்க்காரர் நடந்து போய்ச் சாப்பிட்டதில் ஒரு நல்லி எலும்பு இடக்கு பண்ணியது. எலும்பு உடையவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்தது. "ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லு நிக்கும், எட்டாயிரம் ஆகும்" என்றார் டாக்டர். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். நேராகப் போன இடம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வீடு.

"பல்லுக்கு மட்டும் ஒரு பாலிசி போடுப்பா."

பல்லுக்கென்று தனியாக நம் நாட்டில் லேசில் கிடைக்காது என்றான் ஏஜெண்ட் பையன். வழக்கமான மெடிக்கல் பாலிசியில், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பல்லுக்குப் பணம் வரும். சொத்தை, ரூட் கெனால் எல்லாம் வேண்டுமானால் வெளிநோயாளிச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கூடுதல் பிரீமியம்.

"நல்லி எலும்பு விபத்துதானப்பா?"

"அண்ணாச்சி, விபத்துன்னா வண்டி கிண்டி மோதணும்."

"மோதிச்சே! ரெண்டும் எலும்புதான். எதிரி ஆடுன்னு எழுதி எஃப்.ஐ.ஆர். போட்டுத் தாரேன்."

எடுபடவில்லை. கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்தார். வருஷம் 2,800, பல்லுக்கு உச்சவரம்பு 5,000. டைரி திறந்தது. "வருஷா வருஷம் அஞ்சாயிரத்தையும் வசூல் பண்ணணும்னா வருஷத்துக்கு ஒரு பல்லு கெடணும். எனக்கு இருக்கது இருபத்தேழு. அப்போ இருபத்தேழு வருஷத்துக்குச் சரக்கு இருக்கு." உடனே அடுத்த சந்தேகம்: "முப்பத்திரண்டு பல்லுக்காரனும் 2,800, நானும் 2,800-ஆ? அஞ்சு பல்லுக்குக் கழிவு கிடையாதா?"

கழிவு கிடையாது. இப்போது வலிக்கிற பல்லுக்கும் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கடித்தது வலது பக்கம். இடது பக்கம்தான் விரிசல்.

நாக அரசர்கள் சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்ட ஊர் இது. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து இருவரையும் ஓருருவாகக் காட்டித் தீர்த்துவைத்தாள். அண்ணாச்சி மண்டைக்குள் இருந்த சங்கனும் பதுமனும் அதற்கெல்லாம் கட்டுப்படவில்லை. எடு என்றது ஒன்று, வேண்டாம் என்றது மற்றது. "பிரீமியத்துல பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி., அது போகட்டும்" என்று ஒரு சாக்கு வைத்திருந்தார். 2025 செப்டம்பர் 22-ல் தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு வரியே இல்லை என்றாகிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். சாக்கு பறிபோன அண்ணாச்சிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார். அங்கே பல்லுக்கென்றே தனிப் பாலிசி உண்டு, பல திட்டங்களில் வருஷத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் டாலரோடு கம்பெனி கையை விரித்துவிடும் என்றாள் மகள். "அதான்ப்பா, எனக்கும் ரெண்டு பல்லு பாக்கணும். ஆடித்தபசுக்கு வரும்போது நம்ம ஊர்லயே பாத்துக்கிடுதேன்." டைரியில் இன்னொரு வரி ஏறியது.

என்னைக் கேட்டால், பல்லுக்கு அண்ணாச்சி போட்டு வைக்க வேண்டிய கணக்கு இன்ஷூரன்ஸே அல்ல, சீட்டு. இருதயம் அடைத்துக்கொள்வது நூற்றில் சிலருக்கு வந்து வீட்டையே சாய்க்கிற செலவு. நூறு பேர் போட்டு அந்தச் சிலரைத் தூக்கிவிடலாம். அதற்குப் பாலிசி எடுக்காதவர் அவசரமாக எடுக்க வேண்டும். பல் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருக்கும் கெடும். எல்லாரும் எடுக்கிற உண்டியலில் கம்பெனி எவ்வளவுதான் போட்டு வைக்கும்? அதனால்தான் உச்சவரம்பு, காத்திருப்பு. மாதம் இருநூறு ரூபாயை டப்பாவில் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை பல்லைச் சுத்தம் செய்தால் போதும். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "டப்பாவுக்கு வட்டி யாரு தருவா?" என்றார்.

கடைசி முயற்சியாகக் கோயில் வாசலில் நேர்த்திக்கடன் வெள்ளி உரு விற்கிறவரிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன். தட்டில் பாம்பு, தேள், கண், கை, கால் எல்லாம் இருந்தன.

"பல்லு இருக்கா?"

"தனியா வராது அண்ணாச்சி. முகமா வாங்கிக்கிடுங்க, பல்லும் அதுக்குள்ள வந்துரும்."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இங்கயும் அதே பாலிசிதான்."

தை பிறந்தபோது முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. காப்பாற்றுகிற கட்டத்தைப் பல் தாண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, பைசா செலவில்லாமல் பிடுங்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் பார்க்கப் போனேன். வாயில் பஞ்சு. பேச முடியாத அண்ணாச்சியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசலில் ஏஜெண்ட் பையன் புது பாரத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

அண்ணாச்சி அவனை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். டைரியைப் புரட்டி, பென்சிலின் பின்பக்க ரப்பரால் 27-ஐ அழித்தார். தூளை ஊதப் பார்த்தார்; பஞ்சு இடித்தது. விரலால் தட்டிவிட்டு 26 என்று எழுதி, அதை அடிக்கோடிட்டு, டைரியைப் பையன் பக்கம் திருப்பி வைத்தார்.