மோட்டார்காரரை விரட்டிவிடாதீர்கள்

மகாராஜராஜஸ்ரீ அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வனத் துறைத் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு, மலைச் சைக்கிள் ஓட்டும் பிரஜைகளில் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

1905-ஆம் ஆண்டு முதல் விவசாய இலாகாவின் கிளையாக இருந்துகொண்டு (காட்டையும் ஒரு பயிர் என்று கருதியவர்களின் தீர்க்கதரிசனத்தை என்னவென்று சொல்ல!), ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் ஏக்கர் பூமியில் மரம் வெட்டுபவரும், மாடு மேய்ப்பவரும், மீன் பிடிப்பவரும், வெறுமனே நின்று மூச்சு வாங்குபவரும் ஏககாலத்தில் திருப்தியடைய வேண்டும் என்று 1960-இல் சட்டமே பெற்றுக்கொண்டுவிட்ட தங்களுக்கு, என் இனத்தாரிடமிருந்து வரும் மனுக்களின் சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒற்றையடிப் பாதைகளிலிருந்து மோட்டார் சைக்கிள்களை அப்புறப்படுத்துங்கள் என்பதே அவற்றின் பல்லவி. என் மனு அதற்கு நேர்விரோதமானது. மோட்டார்காரரை விரட்டிவிடாதீர்கள், அவர் போய்விட்டால் எங்கள் பாடு அதோகதிதான்.

காரணத்தைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில், டாஹோ தேசியக் காட்டைச் சேர்ந்த டௌனிவில் என்ற பழைய தங்கச் சுரங்க ஊரைச் சுற்றியுள்ள பாதைகளில் நடப்பவர், குதிரை ஏறி வருபவர், சைக்கிள்காரர், மோட்டார்காரர் ஆகிய நால்வருக்கும் பாத்தியதை உண்டு. யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்பதும் தீர்மானமான விஷயம். நடப்பவர் குதிரைக்கு ஒதுங்க வேண்டும். சைக்கிள்காரர் அவ்விருவருக்கும் ஒதுங்க வேண்டும். மோட்டார்காரர் எல்லோருக்குமே ஒதுங்க வேண்டும். இப்படி நாலு வருணங்களும் குறைவின்றி அமைந்துவிட்ட பாதையில், கடைசிப் படிக்கு ஒரு படி மேலே நிற்பதில் உள்ள ஆனந்தம், அதை அனுபவித்தவர்களுக்கே விளங்கும். நடந்து வரும் முதியவர் எங்களைப் பார்த்து, "காட்டின் சாந்தியைக் கெடுக்க வந்துவிட்டார்கள்" என்று முணுமுணுக்கும்போது, நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போய், அடுத்த வளைவில் எதிர்ப்படும் மோட்டார்காரரைப் பார்த்து அதே வாக்கியத்தை, அதே கண்டிப்போடு, முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்கிறோம். நாளைக்கே தாங்கள் மோட்டார்காரருக்குக் கதவைச் சாத்திவிட்டால், காட்டில் சகலராலும் நிந்திக்கத்தக்க ஒரே ஜந்துவாக மிஞ்சப்போகிறவர் யார் என்பதைத் தயைகூர்ந்து யோசிக்க வேண்டும்.

அவரை நிந்திப்பதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மனிதர் மரியாதை தெரிந்தவராக இருந்து தொலைக்கிறார். எதிரே சைக்கிளைக் கண்டதும் வண்டியைச் சரிவுப் பக்கம் ஒதுக்கி, இயந்திரத்தின் உறுமலை அடக்கிவிட்டு, தூசி படிந்த கையுறையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டுகிறார். தமக்குப் பின்னால் மூன்று பேர் வருகிறார்கள் என்பது அதன் பொருள். அடுத்தவர் இரண்டு விரல், அதற்கடுத்தவர் ஒரு விரல். கடைசியாக வருபவர் மூடிய முஷ்டியைக் காட்டிவிட்டுப் போகிறார். இனி யாரும் இல்லை, அச்சமில்லாமல் போகலாம் என்று அர்த்தம். எங்கள் கோஷ்டியோ எத்தனை பேர் வருகிறோம் என்று எங்களுக்கே தெரியாமல் இறங்குகிற கோஷ்டி. ஆகவே அந்த முஷ்டியை ஒரு மிரட்டலாக வியாக்கியானம் செய்துகொண்டு ஆறுதல் அடைகிறோம்.

இறங்குகிற கோஷ்டி என்றேன். எப்படி ஏறினோம் என்று தாங்கள் கேட்டுவிடக் கூடாது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் பேக்கர் சேடில் என்ற கணவாயிலிருந்து, 3,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும் ஊருக்கு இறங்குவதுதான் அங்கே பிரசித்தமான சவாரி. அந்த நாலாயிரம் அடியையும் மிதித்தே ஏறிய மகானுபாவர்கள் உண்டு. மற்றவர்களையும் அவர்களுடைய சைக்கிள்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு வாடகை வேன் இருக்கிறது. வேனுக்கு மோட்டார் இருக்கிறது. ஆனால் உச்சியில் அதை விட்டு இறங்கிய கணத்திலிருந்து, மோட்டார் என்ற சப்தத்தையே சகிக்க முடியாத ஒரு பரிசுத்தம் எங்களை வந்து ஆட்கொண்டுவிடுகிறது.

பண விஷயம் இதைவிடப் பொல்லாதது. 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய சர்க்கார் பாதைகளுக்கென்று மாகாணங்களுக்கு வழங்கிவரும் நிதியில் 30 சதவீதம் மோட்டார்ப் பாதைகளுக்கும், 30 சதவீதம் மோட்டார் இல்லாத பாதைகளுக்கும், மீதி 40 பலரும் கலந்து புழங்கும் பாதைகளுக்கும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். சாலையை விட்டு விலகிக் காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டிகள் குடிக்கிற பெட்ரோலின் மீதுள்ள வரியை உத்தேசித்து ஏற்பட்ட நிதி அது. அதாவது, மோட்டாரின் மாசு படாமல் எங்களுக்கென்று ஒதுக்கிய பங்கும் மோட்டார்காரருடைய டாங்கியின் வழியாகத்தான் வந்து சேருகிறது. போதாக்குறைக்கு, பனி உருகியதும் பாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும் பைன் மரத்தை, வண்டியில் கட்டிக் கொண்டுவந்த மோட்டார் ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டுப் போகிறவரும் அவராகவே இருக்கிறார். அறுபட்ட மரத்தின் இடையே நாங்கள் வழுக்கிக்கொண்டு போகையில் காற்றில் பெட்ரோல் வாடை மிச்சமிருந்தால், அதையும் குறித்துக்கொள்கிறோம்.

பாதை கெட்டுப்போகிறதே என்பார்கள். கெடுகிறது. ஏற்றத்தில் மோட்டார்காரருடைய பின்சக்கரம் சுழன்று மண்ணைப் பறித்து, பாதையின் நடுவே கல் உருளும் ஒரு வாய்க்காலை வெட்டிவிடுகிறது. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து நாங்கள் உண்டாக்கும் அலைமேடுகள் பல்லைக் கிட்டவைக்கின்றன. ஆனால் 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மொன்டானா மலைப்பாதைகளில் நால்வரையும் சோதித்துப் பார்த்து, மண்ணைக் கிளறிப் பெயர்ப்பதில் சக்கரங்களை மிஞ்சியவை குளம்பும் காலுமே என்று கூறியது. இந்த முடிவைப் பாதசாரிகளின் சங்கங்களில் வாசித்துக் காட்டும் தைரியம் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

தங்கள் சட்டஞானமும் எங்களை அந்தரத்திலேயே வைத்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இயந்திரப் போக்குவரத்தை விலக்கியது. 1966-இல் தாங்கள் வகுத்த விதி, உயிரற்ற சக்தியால் ஓடுவதே அப்படிப்பட்ட போக்குவரத்து என்று வியாக்கியானம் செய்ததால், எங்கள் கால்கள் உயிருள்ளவை என்ற அங்கீகாரம் சிறிது காலம் கிடைத்திருந்தது. 1984-இல் அதுவும் போயிற்று. வனாந்தரத்தின் வாசலில் சைக்கிளும் மோட்டார் ரம்பமும் ஒரே வரிசையில் நிற்கின்றன, குதிரை தாராளமாக உள்ளே போகிறது. வெளியேயோ, 2005-ஆம் ஆண்டு விதிப்படி, வரைபடத்தில் கோடு இருந்தால்தான் மோட்டார்காரருக்குப் பாதை; எங்களுக்குக் கோடு வேண்டியதில்லை. ஒரே சைக்கிள் ஒரு வேலிக்கு இப்பால் சாது, அப்பால் யந்திரம்.

இந்த நிலையில் மின்சாரச் சைக்கிள் என்ற புதிய பிரகிருதி வந்து சேர்ந்திருக்கிறது. மிதித்தால் மட்டும் கூடவே தள்ளிவிட்டு, மணிக்கு 20 மைல் வேகத்தில் கையை விட்டுவிடும் சாந்தமான முதல் வகுப்பு வண்டியையும் தாங்கள் மோட்டார் வாகனம் என்றே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதன் சக்திக்கு உச்சவரம்பு 750 வாட். கிட்டத்தட்ட ஒரு குதிரைச் சக்தி. நாலு காலுள்ள முழுக் குதிரைக்கு இடம் தருகிற வனாந்தரத்தில் இந்த ஒற்றைக் குதிரைக்கு இடமில்லை என்பதன் நியாயத்தை அந்தக் குதிரையிடமே விட்டுவிடுகிறேன். என் பிரார்த்தனை சிறியது. மின்சாரக்காரர் எங்களவரா மோட்டார்காரர் இனத்தவரா என்று தாங்கள் அவசரப்பட்டு நிரந்தரமாக முடிவு செய்துவிட வேண்டாம். முடிவாகும் வரை அவரை நாங்களும் திட்டலாம், மோட்டார்காரரும் திட்டலாம். அவரைத் திட்டும் பொருட்டாவது நாங்கள் இருவரும் ஒரே மரத்தடியில் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம்.

இங்ஙனம்,
கடைசிக்கு முந்தின படியில் நிற்கும்
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சைக்கிள்காரன்