பழைய கிராலர் டிராக்டரும் மூவகை அளவையும்

சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் பழைய கிராலர் டிராக்டர் வாங்கப் போகிறவருக்கு உண்மை புலப்படும் வழிகள் மூன்று: காண்டல், கருதல், உரை. ஆன்மாவை ஆராய நம் தருக்க நூலார் வகுத்த இந்த அளவைகள், 1938 முதல் 1957 வரை அமெரிக்காவில் உற்பத்தியான கேட்டர்பில்லர் டி2-வுக்கும் குறைவறப் பொருந்துகின்றன. வாங்குபவரோ வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார். 'ஒரே கை ஓட்டின வண்டி' என்ற உரையை முதலில் நம்புகிறார், இன்ஜின் சத்தத்தை வைத்து மீதியைக் கருதிக்கொள்கிறார், குனிந்து காண்பதேயில்லை. அந்த வண்டியில் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் என்பதே இக்கட்டுரையின் துணிபு. செயினின் பின்னும் புஷ்ஷும் தேயத் தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடும். புஷ் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உரசும். அகன்றிருந்த பல்நுனி கூராகி ஒரு பக்கம் வளையும். அதற்குப் பெயிண்ட் அடிக்கலாம். கனம் ஏற்ற முடியாது. மாடாவது பல் பார்க்கப் போனால் வாயை இறுக்கிக்கொள்ளும். இது திறந்தே வைத்திருந்தும் பார்ப்பாரில்லை.

'இன்ஜின்தானே உயிர், செயின் வெறும் கால்' எனின், அற்றன்று. 1904-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே பெஞ்சமின் ஹோல்ட் நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செயின் மாட்டியதே, அந்தப் பக்கத்துச் சதுப்பு மண்ணில் சக்கரம் புதைந்ததால்தான். இந்த இனம் பிறந்ததே காலுக்காக. பராமரிப்புச் செலவிலும் ஏறத்தாழப் பாதியை அடிப்பாகம் தின்றுவிடும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கணக்கு. பழைய சின்ன வண்டியில் அதை முழுதாக மாற்றினால் வண்டி விலையையே தாண்டக்கூடும். சத்தம் நல்ல சாட்சியும் அல்ல. டி2-வின் டீசல் இன்ஜினை எழுப்புவதற்கென்றே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று கூடவே உண்டு. அந்தப் பாடு முழுவதையும் நீங்கள் வருமுன்பே முடித்து வைப்பது விற்பவருக்கு எளிது. ஆகவே கைகுலுக்கும் முன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது.

'செயின் விறைப்பாகத்தானே இருக்கிறது?' என்பார் கேள்வி வலுவானது. விறைப்பு என்பது செயினின் முன்சக்கரமான ஐட்லரை முன்னே தள்ளினால் கிடைப்பது; இன்று காலையில்கூடக் கிடைத்திருக்கலாம். ஐட்லர் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது, இன்னும் தள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தால் அந்த விறைப்பின் வயது தெரிந்துவிடும். பின்னையும் புஷ்ஷையும் அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்சகாலம் ஓட்டலாமே என்றால், ஓட்டலாம், முன்னவர் ஏற்கெனவே திருப்பியிருக்காவிட்டால்.

கடைசியாக லீவர்கள். ஸ்டீயரிங் சக்கரம் இல்லாத இந்த வண்டியில் வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் விசை நின்று, வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில், அந்த விசையை நிறுத்தும் கிளட்ச்சின் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், லீவரை எப்படி இழுத்தாலும் நேரே போய்க்கொண்டிருக்கும். 'உழவுக்கு நேரே போனால் போதாதா?' என்ற வாதத்தையும் பரிசீலித்தோம். வேலி வரும்வரை அது செல்லும்.