பிஞ்சிலே பழுத்த பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, பங்குனி பொறக்குமுன்னே உனக்கு மாம்பழம் வேணும். அதுவும் காம்பு முதல் மூக்கு வரைக்கும் ஒரு புள்ளி இல்லாத மஞ்சளா வேணும். போதாக்குறைக்குக் கடைக்காரர்கிட்டே, "கெமிக்கல் போடாததுதானே?"ன்னு விசாரணை வேற! மாட வீதியிலே கடை போட்டவர் சிரிக்க மாட்டார், அவருக்கு யாவாரம் முக்கியம். எனக்கென்ன, நான் சிரிப்பேன்.

தானாக் கனியாததைத் தடியால அடிச்சா கனியுமான்னு கேப்பாங்க. இப்போ தடி போயி கல்லு வந்துடுச்சு. கார்பைடு கல்லு. வெல்டிங் பட்டறையிலே பார்த்திருப்பே. ஈரம் பட்டா அசிட்டிலின் வாயு கிளம்பும், கூடவே ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். இரும்பு ஒட்டுற சரக்கு பழ குடோனுக்கு எதுக்கு? கூடாதுன்னு 2011 உணவுப் பாதுகாப்பு விதியிலேயே எழுதி வச்சாச்சு. இருந்தும் கோயம்பேட்டுலே சீசன் வந்தா அதிகாரிங்க சோதனை போட்டுக் கூடை கூடையா அள்ளிக் கொட்டுறாங்க. நீ அதைப் போன்லே பார்த்துட்டு "அடப்பாவிங்களா"ங்குறே. மறுநாளே தி.நகர்லே மஞ்சளைத் தேடுறே. யாவாரி யாருக்காகடா கல்லு வச்சான்?

கல்லு வேணாம்னா வேற வழி சொல்லணுமில்லே? 2016-லே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிச்சு: எத்திலீன் வாயு வச்சுப் பழுக்க வைக்கலாம், ஆனா பத்து லட்சம் பங்கு காத்துலே நூறு பங்குக்கு மேலே போகக் கூடாது. பேரைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளிக்காதே. மாங்காயும் வாழைக்காயும் கனியறப்போ தானா விடுற காத்துதான் அது. நாங்க வாழைத்தாரை அடுக்கி மூட்டம் போட்டோமே, அந்தப் புகையிலேயும் அதுதான் இருந்துச்சு. வைக்கோல்லே மாங்காயைப் பொதிஞ்சு வச்சதும் அந்தக் காத்து வெளியே போகாம இருக்கத்தான். பேரு தெரியாமலே வேலை வாங்கியிருக்கோம், அவ்வளவுதான்.

எத்திபான்னு ஒரு பயிர் ஊக்கி மருந்து இருக்கு. அதுலேயிருந்தும் எத்திலீன் வரும். சின்னப் பொட்டலத்துலே போட்டு வைக்கலாம், பொட்டலம் பழத்துமேலே படக் கூடாது. கரைசல்லே பழத்தை முக்கி எடுக்கவே கூடாது. இது என்னா கெடுபிடின்னு நினைக்கிறியா? எண்ணெய் தேச்சுக் குளிச்ச தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவாங்க, சாம்பிராணியைக் கரைச்சா தலையிலே ஊத்துவாங்க? 2025 மே மாசம் ஆணையம் இன்னும் இறுக்கிப் பிடிச்சது. பழக் கூடைக்குப் பக்கத்துலே கார்பைடு கிடந்தா, அதுவே யாவாரிக்கு எதிரான சாட்சின்னு சொல்லிடுச்சு. சட்டம் சரியாத்தான் பேசுது. உன் அவசரத்துக்குத்தான் சட்டம் போட ஆளில்லே.

ஒண்ணு கேட்டுக்க. முத்தின காய்லேதான் எத்திலீன் பருப்பு வேகும். பிஞ்சைப் பறிச்சு அடைச்சா தோலு மஞ்சளாகும், உள்ளே புளிக்கும். படிப்பாளி நீ, இது தெரியாதா?

அடையாறுலே குளுகுளு கடை ஒண்ணுலே அட்டை தொங்குது: "தாத்தா காலத்து முறையில் கனிந்தது." வெலை மூணு மடங்கு. தாத்தா இங்கே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு பைசா வரலே!

சித்திரை பொறக்கட்டும். சேலத்துலேயிருந்தும் கிருஷ்ணகிரியிலேயிருந்தும் லாரி நெறைய இறங்கும். அப்போ போயி காம்புப் பக்கம் மோந்து பாரு. வாசனை வந்தா வாங்கு, வரலேன்னா வச்சுட்டு நட. வாங்கினதை ஓடுற தண்ணியிலே கழுவு. அப்படியே எனக்கொரு மல்கோவா கொண்டா. பல்லு இல்லேன்னு பார்க்காதே, சப்பியே தீர்த்துடுவேன்.