ஏ பிளஸ் பிளஸ்னா என்ன, சார்?

எண்பதுகளின் கடைசியில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பனார்கள் முதலில் விசாரிப்பது கல்லூரி வாசல் டீக்கடையில்தான். "கணக்கு வாத்தியார் ஒழுங்கா வர்றாரா? லேப்ல சாமான் இருக்கா?" பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், மற்றதை ஊர் வாய் சொல்லிவிடும். ஆனால் ஊர் வாய்க்கு உள்ளூர்க் கல்லூரிதான் தெரியும். அடுத்த மாவட்டக் கல்லூரியைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 1994இல் பெங்களூருவில் தொடங்கிய 'நாக்' எனும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகார அமைப்பு. ஆரம்பத்தில் நட்சத்திரம் கொடுத்தார்கள். பிறகு எழுத்துகள் வந்தன. 4க்கு 3.51 முதல் எடுத்தால் ஏ பிளஸ் பிளஸ். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் முன்னேற்றம், நிர்வாகம், விழுமியங்கள் என்று ஏழு தலைப்புகளில் கல்லூரியை எடை போடுகிறார்கள்.

அதனால் நல்லது நடந்தது. பூட்டிக் கிடந்த நூலக அலமாரிகள் திறந்தன. ஆசிரியர் நடத்துவது புரிகிறதா என்று மாணவர்களிடமே கேட்கும் வழக்கம் எங்கள் கல்லூரிக்கு அதன்பிறகுதான் வந்தது.

ஆனால் இன்று எந்தத் துறை அறைக்குப் போனாலும் நாக் சான்றுக்கான ஃபைல்கள்தான். மரக்கன்று நட்ட போட்டோவின் மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஓர் இளம் ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் பாடத்துக்குத் தயாராக வேண்டிய நேரம் அது. கற்பித்தலுக்குச் சான்று தேடப் போய், கற்பிக்கிறவரின் நேரத்தைப் பறிப்பது பெரிய அநியாயம். இந்த எழுத்து வேலைக்குக் கல்லூரிகள் தனி ஆட்களை வைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கும் தரத்தோடு நின்றுவிடாதீர்கள். அது எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். பொதுவாக 5 ஆண்டுதான். கல்லூரியின் சுய மதிப்பீட்டு அறிக்கை இணையதளத்தில் இருக்கும், அதில் கற்பித்தல் பகுதியைப் படியுங்கள். நாக் தரம் மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுப்பது. இன்ஜினியரிங் என்றால், பிள்ளை சேரும் பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) சான்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று தெரிந்துகொண்ட பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.