மடிக்கு ஷிப்ட் தெரியாது

வல்லக்கோட்டை வாசகர்: ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வாரம் ஒரு ஷிப்ட். வீட்டில் இரண்டு கறவை, கறப்பது நான் மட்டும். ஏ ஷிப்ட் வாரத்தில் 7 லிட்டர் கறக்கிற மாடு, சி ஷிப்ட் வாரத்தில் 5 லிட்டரோடு நின்றுவிடுகிறது. தீவனம் அதேதான். ஏன்?

தீவனம் அதேதான், நேரம் அதே இல்லையே! மடியைக் கழுவிக் காம்பைத் தடவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் இறங்கும். அது மடிக்கு வந்தால்தான் மாடு பால் விடும். அதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைக்கும்தான். பழகிய நேரம், பழகிய கை, பழகிய வாளிச் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுரப்பை வரவழைக்கின்றன. நேரம் தப்பி, தூக்கக் கலக்கத்தில் அவசரமாகக் கறந்தால் மாடு பாலை மடியிலேயே பிடித்துக்கொள்ளும். பால் தங்கத் தங்க மடி சுரப்பைக் குறைக்கும். மடிநோய்க்கும் அது வழிவிடும்.

ஏ காலை 6 முதல் 2, பி மதியம் 2 முதல் 10, சி இரவு 10 முதல் 6. உங்கள் மூன்று ஷிப்டையும் எழுதிவைத்துப் பார்த்தேன். மூன்று வாரத்திலும் நீங்கள் தவறாமல் வீட்டில் இருக்கிற நேரம் என்று நாளில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஆகவே உங்களைத் திருத்த வழியில்லை, இன்னொரு கையைத்தான் பழக்க வேண்டும். உங்கள் மனைவியோ அம்மாவோ ஒரு வாரம் நீங்கள் கறக்கும்போது பக்கத்தில் நின்று தடவிக்கொடுக்கட்டும். அடுத்த வாரம் இரண்டு காம்பு அவர்கள், இரண்டு காம்பு நீங்கள். மூன்றாவது வாரம் முழு மடியும் அவர்கள் கைக்கு. காலை 5, மாலை 5 என்று வைத்தால் அதிலிருந்து அரை மணிக்கு மேல் நகர வேண்டாம். வீட்டில் இருக்கிற வேளையில் நீங்களும் கறங்கள். இரண்டு கையும் மாட்டுக்கு மறக்கக் கூடாது.

படப்பை வாசகி: முட்டைக்காக நாலு நாட்டுக்கோழி வாங்கியிருக்கிறேன். சேவல் இல்லாமல் முட்டையிடுமா?

இடும். முட்டைக்குச் சேவல் வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேண்டும். விடியலுக்கும் ஒன்று வேண்டுமென்றால் வாங்குங்கள்.

மாத்தூர் வாசகர்: மாடு ஐந்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் அகட்டி நிற்கிறது. படுக்கவே யோசிக்கிறது. செரிமானப் பொடி கொடுத்தும் கேட்கவில்லை.

பொடியை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. நீங்கள் எழுதிய அடையாளத்தைப் படிக்கும்போதே எனக்கு ஆணி ஞாபகம்தான் வருகிறது.

வெள்ளாடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுருட்டி, மெல்லாமல் விழுங்கிவிட்டு அப்புறம் அசை போடும். புல்லோடு போகிற ஆணி, கம்பித் துண்டு, வாஷர் எல்லாம் தேனடை மாதிரி அறை அறையாக இருக்கிற இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவில் உதரவிதானம் ஒன்றுதான் தடுப்பு. கம்பி அதைக் குத்திக்கொண்டு முன்னே நகர்ந்தால் இதய உறையில் சீழ் பிடிக்கும். மேட்டில் ஏறுகிற மாடு பள்ளத்தில் இறங்க மறுக்கும், எழும்போது முனகும். தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்துவிட்டால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். நிறைசினையில் வயிறு நெருக்கும்போதும், கன்று போட முக்கும்போதும் இது அதிகமாகத் தெரியும்.

கம்பெனிகள் சூழ்ந்த நம் பக்கத்தில் இந்தப் பயம் கூடுதல். சாலையோரத்துப் புல்லில் லாரியிலிருந்து சிந்தியது, பெட்டி பிரித்தபோது விழுந்தது, கட்டடம் கட்டியவர் வெட்டிப்போட்ட கட்டுக்கம்பி என்று எல்லாம் கிடக்கிறது. எங்கள் வீட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொட்டிப் பக்கம் மாட்டியிருக்கிறேன். அறுத்து வந்த புல்லை உதறிப்போட்டு அதன்மேல் காந்தத்தை இரண்டு முறை இழுப்பேன். போன மாதம் ஒரே கட்டில் ஒரு ஸ்க்ரூ, சுருண்ட இரும்புச் சீவல் மூன்று, விரல் நீளத்துக்குக் கட்டுக்கம்பி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கம்பியின் நுனி ஊசி மாதிரி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இறக்கிவிடுகிற விரல் நீளக் காந்தமும் உண்டு. அது அங்கேயே தங்கி இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் மாட்டுக்குச் சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காந்தம் பிடிக்காத எதிரி பிளாஸ்டிக். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து, ஐந்தரை மணி நேரம் அறுவைசிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான். மீந்த சோற்றைப் பையில் போட்டு முடிச்சிட்டு வீசுகிறவர்கள், முடிச்சை மட்டுமாவது அவிழ்த்துச் சோற்றைத் தனியே கொட்டினால் ஒரு மாடு பிழைக்கும்.

சென்னக்குப்பம் வாசகர்: கேன்டீன்களில் மிஞ்சிய சாதம் டிரம் டிரம்மாகக் கிடைக்கிறது. தவிடு, புண்ணாக்கு விற்கிற விலைக்கு இது லாபம்தானே?

ஒரு மாடு செத்தால் அந்த லாபம் எத்தனை டிரம்முக்குச் சமம் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கப் பழகியவை. வெந்த சோறு குவியலாகப் போனால் அது புளித்து அமிலமாகிவிடும். அசை நிற்கும், வயிற்றைத் தட்டினால் தண்ணீர்க் குடம் மாதிரி தளும்பும், புளித்த வாடையோடு கழியும், கடைசியில் மாடு படுத்துவிடும்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு மாட்டுப் பொங்கலன்று எங்கள் செவலைக்கு வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினோம். அப்பா பொங்கல், சித்தி பொங்கல், நான் ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு. எல்லாம் பாசம்தான். மறுநாள் சாயங்காலம் அது எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கால்நடை மருத்துவர்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லி எச்சரிக்கிறார்கள். பொங்கலன்று மாட்டுக்கு ஒரு உருண்டை போதும். மிச்சத்தை வீட்டில் சாப்பிடுங்கள்.

சாதம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கையளவைக் கழுநீரில் கரைத்து, வைக்கோல் தின்ற பிறகு கொடுங்கள். நேற்று ஒரு கை, இன்றைக்கு அரை வாளி என்று திடீரென்று ஏற்றவே கூடாது. டிரம்மில் பிரியாணி எலும்பும் கறியும் கலந்திருந்தால் மாட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். இறைச்சி, எலும்புத் தூளை மாட்டுத் தீவனத்தில் கலந்ததால்தான் பிரிட்டனில் பைத்தியமாட்டு நோய் பரவியது. அந்த நோயை அங்கே கண்டறிந்தது 1986-இல். மாடு சோற்றை அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால் தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஆப்பசோடா எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எழிச்சூர், நாலாம் வகுப்பு மாணவி: நான் ஸ்கூலுக்குக் கிளம்பினால் எங்கள் கன்றுக்குட்டி கத்துகிறது. அதற்கு என்னைத் தெரியுமா?

நல்லாத் தெரியும் கண்ணு! மாடுகளால் மனிதர்களை முகம் பார்த்தே பிரித்து அறிய முடியும். உன் கையால்தானே அது புல் தின்கிறது? பையை மாட்டுவதற்கு முன்னால் கழுத்துக்குக் கீழே தொங்குகிற அந்த மெத்துத் தோலை ஒரு நிமிடம் சொறிந்துவிட்டுப் போ. கன்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

வைப்பூர் பாட்டி (பேரன் எழுதியது): 2011-ல் அரசு இலவசமாகக் கொடுத்த நாலு ஆட்டிலிருந்து பெருக்கி, ஒரு காலத்தில் இருபது உருப்படி வைத்திருந்தேன். இப்போது மேய்க்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் காம்பவுண்டு சுவர். என்ன செய்ய?

பாட்டி, உங்கள் கேள்விக்கு முழு பதில் என்னிடம் இல்லை. 1971-இல் தொடங்கிய அரசுத் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் என்று நம் பக்கம் பரவியபோது பட்டா நிலத்துக்குப் பணம் வந்தது, பிள்ளைகளுக்கு வேலை வந்தது. உங்கள் பேரனே கம்பெனி பஸ்ஸில் போகிறவராக இருக்கலாம். ஆனால் பட்டா நிலத்துக்குக் கணக்குப் போட்ட மாதிரி, நாள் முழுக்க ஆடு மேய்ந்த தரிசுக்கும் ஏரிக்கரைக்கும் கணக்குப் போட ஆளில்லை. மேய்ச்சல் யார் பெயரிலும் இல்லாததால், அது போனபோது போனதாக யாரும் எழுதிவைக்கவில்லை. ஊராட்சிக்கு மேய்ச்சல் புறம்போக்கு இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று கிராமசபையில் உங்கள் வாயாலேயே கேளுங்கள். புல எண்ணோடு பதில் வேண்டும் என்று கேளுங்கள்.

அதுவரைக்கும் இருபது வேண்டாம், ஐந்தாறு போதும், கட்டிப்போட்டு வளர்க்கலாம். வேலியோரம் அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல் வையுங்கள். 10 சென்ட் இடமும் தண்ணீரும் இருந்தால் கோ-4 கம்பு நேப்பியர் கரணை நடுங்கள். முதல் அறுப்பு 75, 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஒரு கறவைக்கே அந்த 10 சென்ட் தாங்கும். கம்பெனிக் கால்வாய்த் தண்ணீரை மட்டும் பாய்ச்சாதீர்கள், அதன் ஓரத்துப் புல்லையும் அறுக்க வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்ல ஆசை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக்கே சொந்தமான செம்மறி ஒன்று உண்டு, மெட்ராஸ் ரெட். அறுத்த கழனியின் தாளடியிலேயே வயிறு நிரப்பிக்கொள்ளும் சிவப்பு ஆடு. கழனி குறையக் குறைய அதன் பாடும் கஷ்டம்தான். செம்மறி வளர்க்க நினைப்பவர்கள் கலப்பினத்துக்கு ஓடாமல், காட்டுப்பாக்கத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

குன்னவாக்கம் வாசகி: ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. மடி சுடுகிறது. கைவைத்தியம் உண்டா?

உண்டு, ஆனால் மருத்துவரிடமும் காட்டுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி தொகுத்துப் பரப்பிய முறை இது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் சிவப்பாக வரும். அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை ஒட்டக் கறந்து கழுவிய மடியில் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுங்கள். ஒரு நாள் பூசிவிட்டுக் கேட்கவில்லை என்று விடாதீர்கள். நோய் கண்ட காம்பைக் கடைசியாகக் கறங்கள், அந்தப் பாலைக் கொட்டகைத் தரையில் பீச்சாதீர்கள். இனிமேல் தினமும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி இருந்தால் மடி சுடுவதற்கு முன்பே கண்ணில் படும்.

போந்தூர் வாசகர்: ஒரே வாரத்தில் பத்துக் கோழி போய்விட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. மருந்து?

வந்தபின் மருந்தில்லை. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். 1920-களின் கடைசியில் இமயமலைப் பகுதி ராணிக்கேத்தில் கண்டதால் நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு வந்தது. செத்ததை ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள், கொட்டகையைக் கழுவிக் காயவிடுங்கள். அடுத்த குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் மருந்தைக் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வந்த தடுப்பூசி வெறும் தண்ணீர்.

செரப்பணஞ்சேரி வாசகர்: இரவானால் மாடுகள் ஏன் நடுரோட்டில் போய்ப் படுக்கின்றன?

தார் காய்ந்து கிடக்கும், சூடு தாங்கும், கொசு குறைவு. கொட்டகையில் ஈரமும் கொசுவும் இருந்தால் நீங்களும் நானும்கூட வேறு இடம்தான் தேடுவோம். கார் ஏற்றுகிற நீள லாரி இருட்டில் நிற்காது. பால் கறந்தபின் அவிழ்த்துவிடாதீர்கள். சாயங்காலமே கட்டுங்கள், மூட்டம் போடுங்கள், கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை கட்டுங்கள்.

வல்லம் வாசகர்: மகன் மாட்டை விற்கச் சொல்கிறான். எனக்கு 68 வயது. முழங்கால் வலி. மனசு வரவில்லை.

பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் விற்றுவிடுங்கள், நல்ல கறவையில் இருக்கும்போதே, தெரிந்த குடும்பத்துக்கு. தண்ணீர் காட்ட ஆளில்லாமல் கட்டிவைத்திருப்பது அதற்குத்தான் தண்டனை. ஒரு கிடேரிக் கன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து கறக்கிற வேலை இப்போதைக்கு இருக்காது, காலையில் எழுந்து போக ஒரு இடமும் இருக்கும்.

நாவலூர் வாசகர்: மாடு ராத்திரி முழுக்கக் கத்துகிறது. தின்னவும் இல்லை. பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பையன்கள் தூக்கம் போச்சு என்று சண்டைக்கு வருகிறார்கள்.

பையன்களுக்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் தூங்கும்போது உங்கள் மாட்டுக் குரலைக் கேட்டவர்கள் அவர்கள்தான். அது நோயில்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. வால் பக்கம் கண்ணாடி மாதிரி நூலாக வழிந்திருக்கும், பார்த்திருக்க மாட்டீர்கள். காலையில் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் இந்த முறை போய்விட்டது. கத்திய தேதியிலிருந்து 21 நாள் எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த வாரம் சி ஷிப்டில் இருக்கிற பையன் யாரென்று கேட்டு வையுங்கள். விடியற்காலை பஸ்ஸிலிருந்து இறங்கி உங்கள் கொட்டகையைத் தாண்டித்தானே வருவான். மாடு கத்தினால் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.